கதவைச் சாத்தாமல் ஏற்றிய ஊதுபத்தி

நான் வேலையை விட்டு நாலு மாதம் ஆகிறது. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. குத்துக்காலிட்டு உட்கார முடியாதவனால் குளியலறை வேலை செய்ய முடியாது. போன வாரம் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் கோட்டூர்புரத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள், டிப்ளமா படித்தவர்கள். காற்று என்ன வேகத்தில் போகிறது என்று எண்ணில் காட்டும் சின்னக் கருவி ஒன்றைக் கம்பெனி நடத்தும் ஷாகிரா மேடம் வாங்கிவிட்டாராம்.

"கருவி இருக்கறப்ப ஒவ்வொரு பையிலயும் எதுக்குண்ணா ஊதுபத்தி? கேட்டா, தேசிங்கண்ணனப் போய்க் கேளுங்கன்னு மேடம் அனுப்பிட்டாங்க" என்றார்கள்.

எனக்கு நாலு பேர் எதிரில் பேச வராது. டீ கொடுத்து, எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். தப்பு இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் கலவை தூக்கினேன். பிறகு டைல்ஸ் ஒட்டினேன். பிறகு பைப் வேலை. இருபது வருடத்தில் நான் கற்றதெல்லாம் தண்ணீரைப் பற்றியது: எங்கே ஓடும், எங்கே தேங்கும், எதன் வழியாகக் கசியும். காற்றைப் பற்றி நானும் யோசித்ததில்லை, எனக்குச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரிகளும் யோசித்ததில்லை. குளியலறையில் ஜன்னல் என்பது வெளிச்சத்துக்கு என்றுதான் நினைத்திருந்தோம்.

ஷாகிரா மேடத்தை முதலில் பார்த்தது தி. நகரில் ஒரு அடுக்குமாடி வீட்டில். நான் அப்போது வேறொரு மேஸ்திரியிடம் இருந்தேன். நாங்கள் புதுப்பித்துக் கொடுத்த குளியலறையில் எட்டே மாதத்தில் பொய்க்கூரை கறுத்து, ஒரு பலகை ஊறிக் கீழே விழுந்துவிட்டது. மேல் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று மேஸ்திரி சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் மேடத்தை வரவழைத்திருந்தார். சிவில் இன்ஜினியர், நாற்பது வயதிருக்கும், தலையில் முக்காடு, காலில் கேன்வாஸ் ஷூ. யாரிடமும் பேசாமல் ஏணியில் ஏறிப் பொய்க்கூரைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாய் கூரைக்கு மேலே போய் அங்கேயே நின்றிருந்தது. வெளிச்சுவர் வரை போகவில்லை. குளிக்கும் ஆவியையெல்லாம் ஃபேன் எட்டு மாதமாகக் கூரைக்குள்தான் ஊதிக்கொண்டிருந்தது.

இறங்கி வந்து, "இந்தக் குழாய் எங்க போகுது?" என்று கேட்டார். அவ்வளவுதான். பிறகு காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்பு எப்படியிருக்கும் என்று அவரிடம் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். திட்ட மாட்டார், குரல் உயராது. கேள்வியைக் கேட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். மேஸ்திரி வெளியேதான் போகிறது என்று இரண்டு முறை சொன்னார். மேடம் தலையைக்கூட ஆட்டவில்லை. தாங்க முடியாமல் நான்தான், "எங்கியும் போவல மேடம்" என்றேன். அன்றோடு மேஸ்திரியிடம் வேலை போயிற்று. மறுநாள் மேடத்திடம் சேர்ந்தேன்.

மேடத்தின் முறை ஒன்றுதான். காற்று மேலே வெளியேறக் குழாயோ ஃபேனோ வைத்தால், கீழே உள்ளே வர ஒரு வழி வைக்க வேண்டும். கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி, அல்லது கதவின் கீழ்ப்பகுதியை வெட்டி ஒரு ஜாலி, அதாவது காற்று நுழைய ஓட்டைகள் உள்ள தட்டு. உள்ளே வர வழி இல்லாத இடத்தில் எத்தனை பெரிய ஃபேன் போட்டாலும் அது சும்மாதான் சுற்றும். வேலை முடிந்த அன்று ஒரு பரீட்சை உண்டு. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட வேண்டும். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, ஊதுபத்தியை ஏற்றி முதலில் கதவின் அடியில் பிடிக்க வேண்டும், பிறகு இடுப்பு உயரத்தில், பிறகு மூலைகளில். பத்து நிமிடம். புகை ஓரிடத்திலும் நிற்கக் கூடாது. நின்று சுழன்றால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். இன்னொரு விதியும் உண்டு. கேஸ் கீசர் உள்ள வீடு என்றால் முதல் நாளே அதைக் கழற்றிவிட வேண்டும். மூடிய அறைக்குள் எரிந்தால் அது காற்றைத் தின்றுவிட்டு விஷ வாயுவை விடும். எரிகிற கீசரைக் குளியலறைக்குள் மாட்டிக்கொடுக்கிற பேச்சே கிடையாது.

பெரும்பாலும் பரீட்சையை மேடமே செய்வார். கடைசி வருடங்களில் இரண்டு மூன்று இடங்களில் வேலை ஒன்றாக நடந்ததால், சில வீடுகளில் என்னிடம் விட்டார். இங்கேதான் என் தப்பு தொடங்குகிறது.

அடையாறில் ஒரு பங்களாவில், மேடம் சொன்னபடி உள்ளே போய்க் கதவைச் சாத்தி உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது நிமிடம் வீட்டம்மா கதவைத் தட்டினார். "வேலைக்காரன் உள்ள தாழ் போட்டுக்கிட்டு என்ன பண்றே? வெளிய வா!" வெளியே வந்ததும் என் பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். ரசமட்டமும் கொத்துக்கரண்டியும் தரையில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நான் மேடத்திடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அடுத்தவர் வீட்டில், பெண்கள் நடமாடும் வீட்டில், குளியலறைக் கதவை என்னால் சாத்த முடியவில்லை. ஒரு கை அகலம் திறந்துவைத்தபடியே ஊதுபத்தியைப் பிடித்தேன். கதவு திறந்திருந்தால் எந்தக் குளியலறையிலும் புகை அழகாக ஃபேனுக்குப் போகும். "பாத்துட்டேன் மேடம், நல்லா போவுது" என்பேன்.

பிறகு மயிலாப்பூர் வீடு வந்தது. குளத்துக்குப் பக்கத்தில் பழைய கட்டடம், இரண்டாவது மாடி. ராமசேஷன் சாரும் மாமியும் மட்டும். குளியலறை ஜன்னலில் சாய்வான கண்ணாடித் துண்டுகள், எப்போதும் திறந்தே இருப்பவை. அது நாலு வீட்டுக் குளியலறைகளுக்கும் பொதுவாக, கட்டடத்தின் நடுவில் மேலே திறந்து விட்ட குழிக்குள் திறக்கும்.

"கொசு, கரப்பான், அடுத்தாத்து வெங்காய சாம்பார் வாசனை, எல்லாம் இது வழியாத்தான் வரது. அடைச்சுடு" என்றார் மாமி. கண்ணாடிகளை எடுத்துவிட்டு அசையாத ஒரே கண்ணாடியும் அதில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் வைப்பது, புதுக் கதவில் ஜாலி போடுவது, கேஸ் கீசருக்குப் பதில் கரன்ட் கீசர் மாட்டுவது என்று மேடம் திட்டம் போட்டார். கேஸ் கீசரை முதல் நாளே கழற்றிச் சாக்கில் சுற்றிப் பால்கனியில் வைத்தேன்.

மூன்று வாரம் வேலை. மாமி என்னை ஒரு நாளும் விட்டுவைக்கவில்லை. "தேசிங்கு, உனக்கு வாய் இருக்கா, இல்லே அதையும் டைல்ஸ் போட்டு ஒட்டிட்டியா?" என்பார். அதே வாயோடு பதினோரு மணிக்குக் காப்பி வந்துவிடும். அந்த மூன்று வாரமும் அவர் குளிக்க அடுத்த தெருவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் வந்தார்.

வியாழக்கிழமை வேலை ஏறக்குறைய முடிந்தது. கீசருக்குத் தனி ஒயர் இழுக்க எலக்ட்ரீஷியன் திங்கட்கிழமைதான் வருவதாகச் சொல்லிவிட்டார். கதவை வெட்டி ஜாலி வைக்க ஆசாரி சனிக்கிழமை வருவார். வெட்ட வேண்டிய சதுரத்தைக் கதவின் அடியில் பென்சிலால் போட்டு வைத்தேன். ஜாலி என் பையில் இருந்தது. ஃபேன் ஓடுகிறதா பார்க்கலாம் என்று ஊதுபத்தியை ஏற்றினேன். மாமி கதவருகே நின்று புது டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நகரச் சொல்லிக் கதவைச் சாத்த எனக்கு நா எழவில்லை. புகை நேராக ஃபேனுக்குள் போயிற்று.

மேடம் அடையாறிலிருந்து போன் செய்தார். "ஊதுபத்தி பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். ஜாலி வக்கிறதுக்கு முன்னாடியே நல்லா இழுக்குது."

"சரி, ஜாலி வெச்சப்புறம் நான் வந்து ஒரு தடவ பாக்கறேன்" என்றார். கதவு சாத்தியிருந்ததா என்று கேட்கவில்லை. சாத்தாமல் யாராவது பார்ப்பார்களா என்ன.

சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மாமி கேட்டார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேச்சுக் குளிச்சு மூணு வாரமாச்சு. அந்தப் பழைய கீசரை மட்டும் மாட்டிக் குடுத்துட்டுப் போயேன். ஆத்துல நிம்மதியா ஒரு குளியல்."

"மேடம் வேணாம்னு..."

"மூணு நாளைக்குத்தானே? இத்தனை வருஷம் அதுலதான் குளிச்சிண்டிருந்தேன், செத்தா போயிட்டேன்?"

இத்தனை வருடமும் மேலே திறந்த கண்ணாடிகள் இருந்தன, கீழே பழைய மரக்கதவின் இடைவெளி இருந்தது. இரண்டையும் நான் அடைத்துவிட்டேன். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில், புகைதான் நன்றாகப் போயிற்றே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரைமணி நேரத்தில் கீசரை மாட்டினேன். மேடத்துக்குச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் என் மனைவி சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினாள். எங்களுடையது ஆற்றோரத்துக் குடியிருப்பில் ஒற்றை அறை. வாசலிலிருந்து வந்த காற்றில் புகை ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. காற்று திடீரென்று பலமாக வீசிக் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. புகை அப்படியே நின்றது. பிறகு படத்துக்கு முன்னாலேயே சுற்றத் தொடங்கியது.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். பையைத் திறந்து பார்த்தேன். ஜாலி என்னிடம்தான் இருந்தது.

ராமசேஷன் சாருக்குப் போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் ஓய்ந்தது. மூன்றாவதாக மேடத்தைக் கூப்பிட்டேன். "மேடம், மயிலாப்பூர் வீட்ல கேஸ் கீசர மாட்டிட்டேன். ஜாலி வக்கல" என்றேன். "நான் அசோக் நகர்ல இருக்கேன், கிளம்பறேன். நீங்கதான் பக்கம், ஓடுங்க. முதல்ல சிலிண்டர மூடுங்க" என்று வைத்துவிட்டார்.

கீழே பக்கத்து வீட்டுக் குணா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமா, இம்மாங் காலைல மூஞ்சி பேயறஞ்சாப்ல கீது?"

"மைலாப்பூர் போணும் குணா. வேகமா."

"யாருக்கினா ஒடம்பு சரியில்லியா?"

"இன்னும் இல்ல" என்றேன். அவன் துணியை வீசிவிட்டு ஆட்டோவைக் கிளப்பினான்.

பாலம் தாண்டும்வரை வேகமாகப் போனோம். மந்தைவெளிக்கு மேல் மெட்ரோவுக்காகத் தகரம் அடித்து வழியை மாற்றிவிட்டிருந்தார்கள். "ரோடு பூராத்தியும் துன்னுட்டான்பா" என்று திட்டிக்கொண்டே குணா ஒரு சந்துக்குள் திருப்பினான். பால் வண்டி ஒன்று எதிரே வந்து நின்றது. நான் மறுபடி போன் செய்தேன். மணி அடித்தது. மாமி எத்தனை மணிக்குக் குளிப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. எண்ணெய் தேய்த்து ஊறிக் குளிக்க எத்தனை நேரம் ஆகும் என்று மட்டும் தெரிந்தது. இறங்கி ஓடினேன்.

இரண்டாவது மாடியில் மரக்கதவு திறந்திருந்தது, இரும்புக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. கூடத்தில் ராமசேஷன் சார் மணையில் உட்கார்ந்து ஜபம் செய்துகொண்டிருந்தார். ஜபத்தின் நடுவே அவர் பேச மாட்டார், போனை எடுக்க மாட்டார். அலமாரியில் அது வெளிச்சம் போட்டபடி கிடந்தது.

"சார், மாமி எங்க?"

அவர் கையால் உள்ளே காட்டினார். பிறகு உள்ளங்கையைத் தாழ்த்தி, இரு என்றார்.

இத்தனை வருடமாக எந்த வீட்டிலும் இரு என்றால் இருந்தவன் நான். கம்பிக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளை எடுத்தேன். அவர் கண்ணை உருட்டி என் செருப்பைக் காட்டினார். செருப்போடுதான் சமையலறையைக் கடந்து பால்கனிக்கு ஓடினேன். சிலிண்டரை மூடினேன். திரும்பி வந்து குளியலறைக் கதவின் முன் நின்றேன். உள்ளே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வேறு சத்தம் இல்லை. கதவுக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம்கூட வெளியே வரவில்லை. அவ்வளவு கச்சிதமாக மாட்டியிருந்தேன். வெளியே இருந்த ஃபேன் சுவிட்ச் அணைந்திருந்தது.

"மாமி! தேசிங்கு! கதவத் தொறங்க!"

கையால் ஓங்கி அறைந்தேன். பின்னால் சாரின் ஜபம் கலைந்தது. "என்னடா அக்கிரமம் இது! பொம்மனாட்டி குளிச்சிண்டிருக்கா, கதவை இடிக்கறே!"

"கேஸு சார்! உள்ள காத்து இல்ல! நீங்க கூப்புடுங்க, நிறுத்தாம கூப்புடுங்க!"

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. அவர் கோபம் அப்படியே முகத்தில் வெளுத்துப்போயிற்று. "விசாலம்! விசாலம்!" என்றார். உள்ளேயிருந்து ஏதோ முனகல். பிறகு தெளிவில்லாமல், "எழுந்துக்க முடியலை... கால் வரலை..."

தாழ்ப்பாள் மேலே இருந்தது. நீளத் திருகாணி போட்டு நானே முடுக்கியது. தோளால் இடித்தால் கதவு அவர்மேலேயே விழும். கீழே பென்சில் சதுரம் கண்ணில் பட்டது. தோளில் கிடந்த பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து அடித்தேன். பிவிசி கதவு, நாலாவது அடியில் பிளந்தது. விரல்களை விட்டுப் பிய்த்தேன். சீயக்காய் வாசனையோடு சூடான ஈரக்காற்று என் முகத்தில் அடித்தது. கையை நீட்டி ஃபேன் சுவிட்சைப் போட்டேன். காற்று திரும்பியது. என் காதோரமாக, மணிக்கட்டின் மேலாக, அந்த ஓட்டைக்குள் போவது தெரிந்தது.

"மாமி, ஓட்டப் பக்கம் மூஞ்சிய வெய்யுங்க. இங்க காத்து வருது."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மூன்று எண்ணுவோம், பிறகு கதவு விழுந்தால் விழட்டும் என்று எழுந்தேன். அப்போது எண்ணெய் பூசிய நாலு விரல்கள் ஓட்டையின் விளிம்பைப் பிடித்தன. சார் தரையில் படுத்தேவிட்டார். அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு விடு, நன்னா மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். எத்தனை நேரம் என்று தெரியாது. பிறகு தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. நான் சமையலறைச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சார் ஒரு புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

குணாவின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆக்ஸிஜன் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் மாமி காப்பி கேட்டார் என்று பிறகு தெரிந்தது.

மேடம் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். சாரிடம் போய், "எங்க தப்பு சார்" என்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"நேத்து ஊதுபத்தி பாக்கறப்ப, கதவு சாத்தியிருந்துச்சா?"

காத்திருந்தார்.

"இல்ல மேடம்" என்றேன். அடையாறு பங்களாவையும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கதவச் சாத்தாம எத்தனை வீடு?"

"இதோட அஞ்சு."

அன்று மத்தியானமே மற்ற நாலு வீடுகளுக்கும் என்னோடு வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் நின்று, என்ன செய்யப் போகிறோம், ஏன் கதவைச் சாத்துகிறோம் என்று வீட்டுக்காரரிடம் அவரே சொன்னார். மூன்று வீடுகளில் புகை போயிற்று. கோடம்பாக்கத்தில் புகை இடுப்பளவில் நின்று சுழன்றது. கரன்ட் கீசர் வீடுதான், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனாலும் அந்தப் புகையை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கதவை அன்றே வெட்டினோம். என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. அன்றிலிருந்து ஊதுபத்தி பாக்கெட் ஒவ்வொன்றின் மேலும் மேடம் தன் கையால் 'கதவைச் சாத்து' என்று எழுதி ஒட்டினார். தம்பிகளே, நீங்கள் உங்கள் பையில் பார்ப்பது அதுதான். கதவு திறந்திருந்தால் உங்கள் கருவியும் நல்ல எண்ணைத்தான் காட்டும்.

அடுத்த வாரம் மயிலாப்பூர் வீட்டில் புதுக் கதவு, ஜாலி, கரன்ட் கீசர் எல்லாம் மாட்டி முடித்தேன். பரீட்சைக்கு மேடம் வந்திருந்தார். ஆனால் மாமி வழிமறித்துக்கொண்டார். "நீங்க இருங்கோ. இவன்தான் பாக்கணும்" என்றார். இளைத்திருந்தார், குரல் இளைக்கவில்லை. "உள்ள போய்த் தாழ் போட்டுக்கோ. நான் வாசல்லயே நிக்கறேன். யாரும் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டா."

உள்ளே போனேன். தாழ் போட்டேன். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். ஊதுபத்தியைக் கதவின் அடியில் பிடித்தேன். ஜாலி வழியாக மாமியின் கால்விரல்களில் இருந்த மெட்டி தெரிந்தது. புகை கொஞ்சம் தயங்கி, பிறகு என்னைத் தாண்டி மேலே போயிற்று.

"போறதாடா?"

"போவுது மாமி."

"அப்போ வெளில வாயேன். காப்பி ஆறிப்போறது."

"இன்னும் எட்டு நிமிஷம் கீது மாமி" என்றேன்.

ஜாலிக்கு வெளியே அந்தக் கால்களும் எட்டு நிமிடம் நகரவில்லை.